திரை மூலையில் ஆஞ்சநேயர்

"அய்யய்யோ, ஆஞ்சநேயர் மேல கை வெச்சிடாதீங்க சார்! முதலாளி சத்தம் போடுவாரு."

சுட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டான் பிரகாஷ். கம்ப்யூட்டர் திரையின் வலது கீழ்மூலையில், ஒரு சின்ன ஸ்டிக்கரில், மலையைத் தூக்கிக்கொண்டு பறந்துகொண்டிருந்தார் ஆஞ்சநேயர். மூன்று வருடமாகியும் சாயம் மங்கவில்லை.

"யாரும்மா ஒட்டினது?" என்றான், தெரியாதவன்போல.

"முதலாளிதான் சார். அவர் கையாலயே ஒட்டினாரு. யாரும் எடுக்கக் கூடாதுன்னு உத்தரவு" என்றாள் ருக்மணி. அந்தக் கம்ப்யூட்டரால் ஓடும் மெஷினின் ஆபரேட்டர். ஜவளகிரியிலிருந்து பஸ் மாறி வேலைக்கு வருகிறவள். பிரகாஷ் அவளை இன்றுதான் பார்க்கிறான். காலையில் மெஷினை ஆன் செய்வதற்கு முன் ஸ்டிக்கரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாளாம்.

பாவம், யாரோ இவளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டான். அதை ஒட்டியதே அவன்தான். பக்தியால் ஒட்டவில்லை.

ஓசூரில் வண்டிகளுக்கு உதிரிபாகம் செய்யும் சின்னக் கம்பெனி அது. முதலாளி சென்னகிருஷ்ணன், பக்கத்துத் தளி ஊர்க்காரர். ஒருநாள் ஷிப்டு நடுவே கம்ப்யூட்டர் தானாக அப்டேட் ஆகி, மெஷின் அரை நாள் நின்றுவிட்டது. "சும்மா சும்மா மாறாத சிஸ்டமா ஒண்ணு போட்டுக் குடுப்பா" என்று பிரகாஷைக் கேட்டார்.

"லாங் டெர்ம் எடிஷன்னு ஒண்ணு இருக்குதுண்ணா. பத்து வருஷத்துக்குப் பாதுகாப்பு அப்டேட் மட்டும்தான் வரும். வேற எதையும் மாத்தாது. லைசென்ஸ்தான் கொஞ்சம் விலை."

அவர் பேரம்கூடப் பேசாமல் கொடுத்தார். பிரகாஷ் லைசென்ஸ் வாங்கவில்லை. புதிதாகக் கம்ப்யூட்டர் கடை போட்டிருந்த நேரம், பணம் வேறு எங்கோ போய்விட்டது. திருட்டுக் காப்பியை ஏற்றிவிட்டுப் போனான். கொஞ்ச நாளில், லைசென்ஸ் இல்லை என்று சொல்லும் எழுத்துகள் திரையின் மூலையில் முளைத்தன. அவற்றை மறைக்க ஒரு ஸ்டிக்கர் வேண்டும். நடிகர் படம் என்றால் எவனாவது கிழித்துவிடுவான். சாமியை யார் கிழிக்கப்போகிறார்கள்? தன்னுடைய அந்தச் சாமர்த்தியத்தை இப்போது நினைத்தால் அவனுக்கு உடம்பே கூசுகிறது.

அதன்பிறகு பிரிண்டர் பார்க்க, கேமரா பார்க்க என்று எத்தனையோ முறை ஆபீசுக்கு வந்திருக்கிறான். இந்த அறைப்பக்கம் மட்டும் தலைவைத்துப் படுத்ததில்லை. சென்னகிருஷ்ணனோ அக்கம்பக்கத்துக் கம்பெனிகளிடமெல்லாம், "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், நம்பிக் கூப்பிடுங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இன்று அவன் சாப்பிடும் சோற்றில் பாதி அவர் வாய்ச்சொல்லில் வந்தது.

நேற்று அவரிடமிருந்து போன். "திங்கக்கெழம பெரிய கம்பெனிக்காரங்க இன்ஸ்பெக்ஷன் வர்றாங்கப்பா. சாஃப்ட்வேர் லைசென்ஸ் எல்லாம் பாப்பாங்களாம். ஒருக்கா வந்து பாத்துட்டுப் போயிடு."

பிரகாஷ் உடனே கிளம்பினான். அலைந்து திரிந்து அசல் லைசென்ஸ் ஒன்று வாங்கிவிட்டான். அதன் எண்களை எழுதிய தாள் சட்டைப்பையில் இருக்கிறது. யாருக்கும் தெரியாமல் மாற்றிவிட்டால் போதும்.

"கிளீன் பண்ண ரெண்டு மணி நேரம் ஆகும்மா. நீங்க போய் சாப்பிட்டு வாங்க."

"பரவால்ல சார், இருக்கேன்" என்ற ருக்மணி, கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டாள். "இன்ஸ்பெக்ஷன்ல ஒண்ணும் ஆயிடாதில்ல சார்? இந்த ஆர்டர் போச்சுன்னா நாங்க பதினாலு பேரும் வூட்லதான் ஒக்காரணும்."

"ஒண்ணும் ஆகாதும்மா." அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

மெஷின் புரோகிராம்களையெல்லாம் முதலில் ஒரு டிஸ்கில் எடுத்து வைத்துக்கொண்டான். பழையதை அழிப்பதற்கு முன், லைசென்ஸ் விவரம் காட்டும் பக்கத்தைத் திறந்தான். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அதே லாங் டெர்ம் எடிஷன். ஆனால் அசல் லைசென்ஸ். ஏற்றிய தேதி, இரண்டு வருடங்களுக்கு முந்தையது.

ஸ்டிக்கரின் ஓரத்தை உரித்தான். அடியில் எந்த எழுத்தும் இல்லை.

"சார்! எடுக்காதீங்கன்னு சொன்னேன்ல!"

"இந்த சிஸ்டத்த மாத்தினது யாரும்மா?"

"அதுவா? நான் வேலைக்குச் சேந்த புதுசுல, தொடைக்கறப்போ பழைய ஸ்டிக்கர் பிஞ்சு கையோட வந்துடுச்சு சார். பயந்துபோய் முதலாளியக் கூப்பிட்டேன். அவரு அந்த எடத்தையே ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்னாரு. மறுநாளே பெங்களூர்லேருந்து ஆள் வந்து என்னமோ புதுசா ஏத்திட்டுப் போனாங்க. அப்புறம் முதலாளியே கடை கடையாத் தேடி, அதே மாதிரி ஆஞ்சநேயர வாங்கியாந்து அதே எடத்துல ஒட்டினாரு."

"எதுக்கு?"

"நானும் கேட்டேன் சார். 'பிரகாஷ் என்னிக்காச்சும் வந்து பாக்கறப்போ இது இல்லேன்னா, பையன் மனசு ஒடஞ்சு போயிடுவான்மா'ன்னாரு."

உரிந்த ஓரத்தைக் கட்டைவிரலால் அழுத்தி ஒட்டிக்கொண்டே ருக்மணி கேட்டாள்.

"ஏன் சார், அந்தப் பிரகாஷுங்கறவரு அவ்ளோ பெரிய ஆஞ்சநேயர் பக்தரா?"