இன்னும் சாகலையா?

“இன்னும் சாகலையா? சீக்கிரம் முடிச்சுவிடு தாயி.”

எம்.ரெட்டியபட்டியில் மாட்டுத்தீவனக் கடை வைத்திருக்கும் சங்கையா, மகள் யுவராணியிடம் போனில் இப்படிச் சொன்னதும், பருத்திக்கொட்டை வாங்க வந்த சண்முகவடிவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“ஏண்ணே, மகளோட மாமியாருன்னா இப்படியா பேசுறது?”

“சம்பந்தியம்மா நல்லாத்தான் இருக்காக. நான் கேட்டது சங்கரம்மா வயித்துல இருந்த புத்துநோய்க் கட்டியை.”

“மதினி செத்து ரெண்டு வருசமாச்சே!”

சங்கையா கொட்டையை நிறுத்துக்கொண்டே சொன்னார்.

“அதுல எடுத்த செல்லை யுவராணி மதுரையில ஆய்வுக்கூடத்துல வளர்க்குறா. கரண்டு வச்சா, அந்தக் கதிர்வீச்சுல செல்லுக்குள்ள டிஎன்ஏ அறுந்துபோகுமாம். அறுந்ததும், கொழுப்புல இருந்து ‘சாகாதே’ன்னு சேதி உண்டாக்குற என்னமோ நொதி அடங்கணுமாம், அப்பத்தான் செல்லு சாகுமாம். இதுல அது அடங்க மாட்டேங்குது. அதான் அன்னைக்கு அவளுக்குக் கரண்டு வச்சும் கேக்கலை. இப்ப அந்த நொதியை மருந்து போட்டு அடக்கப் பார்க்குறா. நான் கேக்கும்போதெல்லாம் ‘நல்லா வளருதுப்பா’ம்பா. எனக்குப் பத்திக்கிட்டு வரும்.”

“நல்லாச் சாகட்டும்ணே, மதினியைக் கொன்ன சனியன்.”

மறுவாரம் சண்முகவடிவு வந்தபோதும் சங்கையா போனில் மகளோடு பேசிக்கொண்டிருந்தார்.

“அம்புட்டும் செத்துருச்சா? ஒண்ணுகூட மிஞ்சலையா? சந்தோசம் தாயி.”

போனை வைத்தவர் கடையின் ஷட்டரை இழுத்துவிட்டார். பக்கத்துத் தண்ணீர்த் தொட்டிக்குப் போய், கட்டிய வேட்டியோடு தலையில் மொண்டு ஊற்றிக்கொண்டார்.

“நல்ல சேதி வந்த நேரத்துல, துட்டி வீட்டுக்குப் போயிட்டு வந்து தலைமுழுகுற மாதிரி என்னண்ணே இது?”

“சங்கரம்மா இன்னைக்குத்தானே முழுசாப் போயிருக்கா.”