முதல் போணி

கல்லா நாற்காலியில் உட்காருவதற்கு முன் தமிழரசி செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள்.

யாரும் அவளுக்கு அதைச் சொல்லித் தரவில்லை. இந்திராணி அதைக் கவனித்தாள்.

வெள்ளிக்கிழமை காலை. தீவின் அபர்டீன் பஜாரில் ஷட்டர்கள் ஒவ்வொன்றாக ஏறிக்கொண்டிருந்தன. பாத்திரக்கடைக்குள் இன்னும் சாம்பிராணிப் புகை கலையவில்லை.

"போணி உன் கையால ஆகட்டும். கல்லாவுல இருக்கறவங்கதான் பில் போடணும், போன் எடுக்கணும். எனக்கு இனிமே ரெஸ்ட்."

"உங்களுக்கா? பத்து நிமிசத்துல வந்து என்னைய எழுப்பிவிடுவீங்க ஆன்டி."

"ஆன்டி இல்ல. அத்தை."

தமிழரசி தலையைக் குனிந்துகொண்டு மேஜையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

இந்த வீட்டில் தட்டு மாற்றுவதெல்லாம் பிறகுதான். வரப்போகிற மருமகளை முதலில் கல்லாவில் உட்கார வைப்பார்கள். இந்திராணியையும் அவள் மாமியார் அப்படித்தான் உட்கார வைத்தார். கணவர் கடைக்கு அவள் பெயரையே வைத்தது அதற்குப் பிறகு.

தமிழரசிக்கு ஊர் இலங்கையில், ஹட்டன் பக்கம். உதவித்தொகையில் இங்கே பல்கலைக்கழகத்தில் பவளப்பாறைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறாள். ஹேவ்லாக் தீவுக்குப் போகும் கப்பலில் வேலை பார்க்கும் இந்திராணியின் மகன் சுரேந்தர் அவளைச் சந்தித்ததும் ஒரு பயணத்தில்தான்.

அவன் முதலில் வந்து சொன்னபோது இந்திராணி கொதித்துப்போனாள்.

"படிப்பு முடிஞ்சா அவ ஊருக்குப் போவா. உன்னையும் இழுத்துக்கிட்டுத்தான் போவா."

ஒரே பிள்ளை. அவன் அப்பாவும் இல்லை.

"அதெல்லாம் போகமாட்டாம்மா. நீ பழகிப் பாரு. ஆனா சும்மாகூட கடையில நிக்க வச்சிடாத. ஸ்டூடன்ட் விசா. வேலை செஞ்சதா யாராவது சொன்னாப் போதும், அனுப்பிடுவாங்க."

அது போன மாதம்.

போன வாரம் அவன் அவளை வீட்டுக்கு அழைத்து வந்தான். இந்திராணி வேண்டாவெறுப்பாகப் பால் இல்லாத கட்டன் சாயா போட்டு வைத்தாள். தமிழரசி அதில் சீனி போடவில்லை. சீனியை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு, ஒரு நக்கு, ஒரு மிடறு என்று குடித்தாள்.

கட்சால் தீவில், ரப்பர் தோட்டத்து வீட்டில், இந்திராணியின் அம்மா சாகும்வரை அப்படித்தான் குடித்தார். அவரும் இலங்கையின் அந்த மலைகளிலிருந்து கப்பல் ஏறி வந்தவர்தான்.

அன்றே மனசு மாறிவிட்டது. அதற்குமுன் செய்ததையெல்லாம் மறந்துவிடலாம் என்று நினைத்தாள்.

முதல் வாடிக்கையாளர் ஒரு டிபன் கேரியர் வாங்கினார். தமிழரசி பில் எழுதிக் கிழித்துக் கொடுத்தாள். அவர் இறங்கிப் போன படியில் இன்னொருவர் ஏறி வந்தார். மஃப்டியில் இருந்தார். அட்டையை எடுத்துக் காட்டினார். வெளிநாட்டவர்களின் பெர்மிட்டைப் பார்க்கும் போலீஸ் அதிகாரி.

"யே லட்கி யஹாங் காம் கர்த்தி ஹை?"

இந்தப் பெண் இங்கே வேலை செய்கிறாளா என்று கேட்டார். பில் புத்தகம் அவள் கையிலேயே இருந்தது.

"பஹு ஹை, சார்" என்றாள் இந்திராணி. என் மருமகள்.

"கல்யாணம் ஆயிடுச்சா?" இந்தப் பக்கத்துத் தமிழ் அவருக்கும் வந்தது.

ஆகவில்லை. மருமகள் கல்லாவில் உட்காருவதை வேலை என்று இந்திராணி நினைத்துக்கூடப் பார்க்கவில்லை.

தமிழரசி எழுந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. ஆனால் குரல் நடுங்கவில்லை.

"பிழை என்னோடது சார். இந்த ரூல்ஸ் அவங்களுக்குத் தெரியாது. அவங்க மேல கேஸ் ஒண்ணும் போட்டுறாதீங்க."

தெரியாது. அந்த ஒரு சொல் இந்திராணியைச் சுட்டது.

"இது போன மாசம் வந்த கம்ப்ளெயின்ட். இன்னைக்குத்தான் பார்க்க முடிஞ்சது" என்றார் அதிகாரி.

"போன மாசம் இவ இந்தக் கடை வாசலைக்கூட மிதிக்கல. அந்தப் புகார் பொய், சார்."

"இப்ப கல்லாவுல இருக்காங்களே அம்மா. நான் என்ன எழுதறது? இவங்க பெர்மிட் போயிடும். படிப்பும்தான்."

"புகார் சொன்னவங்களே பொய்னு ஒத்துக்கிட்டா?"

அவர் யோசித்தார். "அப்ப இதை மூடிடலாம். சும்மா உக்காந்திருந்தாங்கன்னு எழுதிக்குவேன். ஆனா யாருன்னு எங்க போய்த் தேடறது? ஒரு லேடி. பேர் சொல்லல. நம்பர் மட்டும் இருக்கு."

இந்திராணி தமிழரசியைப் பார்த்தாள். அந்தப் பெண் பயத்திலும் இவளைத் தேற்றுகிற மாதிரி லேசாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பை இந்திராணி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உக்காரும்மா" என்று அவள் தோளைத் தொட்டு மறுபடியும் நாற்காலியில் உட்கார வைத்தாள்.

பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"அந்த நம்பருக்கு இப்பவே ஒரு போன் போடுங்க, சார். பொய்னு சொல்லுவாங்க."

அவர் அலைபேசியில் எண்களை அழுத்திக் காதில் வைத்தார்.

கல்லா மேஜையில் இருந்த போன் அடித்தது.

தமிழரசி கையை நீட்டினாள். பாதியில் நிறுத்தி, எடுக்கட்டுமா என்பதுபோல அத்தையைப் பார்த்தாள்.

இந்திராணி தலையசைத்தாள்.

"வணக்கம்" என்றாள் தமிழரசி, எதிரே நின்றவரின் காதுக்குள். "இந்திராணி ஸ்டோர்ஸ்."