சுவர் விழுங்காத கறை

புதிதாக எடுத்துக் கட்டிய ரயில் நிலையத்தின் சுவர்கள் தங்கள் கறையைத் தாங்களே விழுங்கிவிடும். வெற்றிலைச் சாறு தெறித்தாலும் மறுநிமிடம் பளிச்சென்றிருக்கும். மூன்றாம் பிளாட்பார பெஞ்சுக்குப் பின்னால் மட்டும் ஒரு வட்ட எண்ணெய்க் கறை போகவே மாட்டேன் என்றது. கறை நின்றால் அந்தச் சுவரையே பெயர்த்துவிட்டு வேறு கட்ட வேண்டும் என்பது ஒப்பந்தம். வேலைத்தரம் பார்க்க வந்த தமயந்தி அதைத் தடவினாள். அங்கே சுவர் லேசாகக் குழிந்திருந்தது.

"அது என் தல எண்ணெதாங்க," என்றாள் பெஞ்சிலிருந்த செல்லக்கனி. "ஆஸ்பத்திரி டூட்டி முடிஞ்சு தெனமும் இங்கதான் சாய்வேன். மொதல்ல கல்லாட்டம் இருந்துச்சு. இப்ப தலகாணி கணக்கா எடம் குடுக்குது. நீங்களும் சாஞ்சு பாருங்களேன்."

தமயந்தி பக்கத்தில் உட்கார்ந்து சாய்ந்தாள். அவள் தலைக்குச் சுவர் விறைப்பாகவே இருந்தது.

மறுநாள் சுவரைப் பெயர்க்க ஆள் வரவில்லை. தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டு தமயந்திதான் அந்தப் பெஞ்சில் சாய வந்தாள்.