ஷாஜினுக்கு ஒரு நாற்காலி

“பெத்தவளே பிள்ளையை மேடை ஏத்த மாட்டேங்கிறா. இதுக்கு மேல ஊருக்கு நாம இன்னா விழிப்புணர்வு பண்றது?”

கிரேஸி போட்ட சத்தத்தில், பலூன் ஊதிக்கொண்டிருந்த பெண்கள் அத்தனை பேரும் மெர்சியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

ஆம்பூரில் ஒரு சர்ச் ஹால். மார்ச் 21, உலக டவுன் சிண்ட்ரோம் தினம். மாதர் சங்கச் செயலாளர் கிரேஸியின் ஏற்பாடு. கான்வென்ட்டில் படித்த நாளிலிருந்தே அவளுக்கு இந்த மாதிரி தினங்கள் என்றால் உயிர். பெண்கள் தினத்துக்குப் போட்ட பேனரே இன்னும் வாசலில் தொங்கிக்கொண்டிருந்தது.

சிறப்பு விருந்தினராக வேலூரிலிருந்து ஒரு டாக்டரம்மா வந்துகொண்டிருந்தார். மேடையில் நடு நாற்காலி மெர்சியின் மகன் ஷாஜினுக்கு. இருபது வயது. டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன்.

மெர்சி, கிரேஸிக்கு நாத்தனார். புருஷன் போனதிலிருந்து அண்ணன் வீட்டுப் பின்போர்ஷனில் இருக்கிறாள். காலையில் அவள் ஷூ கம்பெனிக்குக் கிளம்பினால், சாயங்காலம் வரை ஷாஜின் அத்தை வீட்டில்தான். ‘இப்படி ஒரு அண்ணி யாருக்குக் கிடைப்பா!’ என்று சபையில் சொல்லாதவர்கள் கிடையாது.

“மேடை வேணாம் அண்ணி. கீழே கடைசி வரிசையில என் பக்கத்துல உக்காரட்டும்.”

“ஏன், அவன் இன்னா கொறஞ்சு போய்ட்டான்?”

“அதில்ல... இது வேற.” மெர்சி கையிலிருந்த சாக்ஸைத் தூக்கிக் காட்டினாள். ஒன்று சிவப்பு, ஒன்று மஞ்சள். “ஜோடி மாறி வந்தா எங்க கம்பெனில ரிஜெக்ட்னு ஓரமா தூக்கிப் போடுவாங்க. அதையா என் பையன் கால்ல மாட்டுறது?”

பலூன் ஊதிக்கொண்டிருந்த சங்கத்து ஜாஸ்மின் சிரித்துவிட்டாள். “உலகம் பூரா இன்னிக்கு அப்படித்தான் மெர்சி. என் காலைப் பாரு.” புடவையைக் கொஞ்சம் தூக்கினாள். பச்சையும் நீலமும். “இந்த வெயில்ல வெந்து போச்சு.”

“எதுக்குக்கா இந்தக் கூத்து?”

கிரேஸிக்குப் பொறுமை போயிற்று.

“ஜோடி மாறிப் போட்டா பாக்கிறவங்க ஏன்னு கேப்பாங்க. கேட்டா நாம சொல்லலாம். நமக்கு இருபத்தொண்ணாவது குரோமோசோம் ரெண்டு, இவங்களுக்கு மூணு. அதனாலதான் மூணாம் மாசம் இருபத்தொண்ணாம் தேதி. இது சாபமும் இல்ல, பாவமும் இல்ல, பிள்ளையை ஒளிச்சு வைக்காதீங்கன்னு சொல்லத்தான் இந்த நாளே. முதல்ல உனக்குத்தான் சொல்லணும் போல!”

“நான் ஒளிச்சு வைக்கல அண்ணி.”

“பின்னே கடைசி வரிசை எதுக்கு?”

மெர்சி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் அதை விழுங்கிக்கொண்டாள்.

“ஆசையா உக்காருவான். நடுவுல எழுந்து போன்னு யாராச்சும் சொல்லிட்டா தாங்க மாட்டான். ரெண்டு நாளைக்குச் சோறு இறங்காது. அதான்.”

“யார் சொல்லுவா? நான் ஒருத்தி இருக்கேன்ல? கடைசி வரைக்கும் அந்த நாற்காலி அவனுக்குத்தான். போ, நாளைக்குத் தண்ணீர் தினம் வேற இருக்கு. எனக்கு இதுக்கெல்லாம் நேரமில்ல.”

“பெத்தவளுக்கு வெக்கம். அத்தைக்கு இருக்கிற பெரிய மனசு அவளுக்கு இல்ல பாரேன்.”

பலூன்களுக்குப் பின்னாலிருந்து வந்தது யாரோ ஒருத்தியின் குரல். மெர்சி சாக்ஸை மேடை நாற்காலியில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு கடைசி வரிசைக்குப் போய்விட்டாள்.

கிரேஸியின் மகள் ஹெப்சி ஸ்கூட்டியில் ஷாஜினைக் கூட்டி வந்தாள். இஸ்திரி போட்ட நீலச் சட்டை, படிய வாரிய தலை. மேடை நாற்காலியைப் பார்த்ததும் நின்றுவிட்டான்.

“எனக்கா?”

“உனக்குத்தான் ராஜா” என்றாள் கிரேஸி.

உட்கார்ந்தான். சாக்ஸ் இரண்டையும் தானே மாட்டினான். கால்களை நீட்டிப் பார்த்துவிட்டு, “வேற வேற!” என்று அவன் சிரித்த சிரிப்பில் ஹாலே சிரித்தது. தூரத்திலிருந்த அம்மாவுக்குக் கை ஆட்டினான். மெர்சியும் மெல்லச் சிரித்தாள்.

வாசலில் கார் வந்து நின்றது.

“டாக்டரம்மா வந்துட்டாங்க!”

கிரேஸி சால்வையோடு ஓடினாள். ஹால் முழுக்க வாசல் பக்கம் சாய்ந்தது. மாலை, போட்டோ, இன்னொரு போட்டோ. ஒருவழியாக டாக்டரம்மாவின் கையைப் பிடித்து மேடைக்கு அழைத்து வந்து, மைக்கில் ஆரம்பித்தாள்.

“நாங்க யாரையும் ஒதுக்கி வைக்கிறவங்க இல்ல டாக்டர். இதோ, நான் பெத்த பிள்ளை மாதிரி வளர்க்கிற எங்க ஷாஜின்...”

கை காட்டிய இடத்தில் நாற்காலி காலி.

“மெர்சி!” மைக்கை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தாள். “கடைசில உன் பிடிவாதம்தான் இல்ல? எழுப்பி அனுப்பிட்டியா?”

“நான் இங்கேயேதான் இருக்கேன் அண்ணி” என்று பதறி ஓடி வந்தாள் மெர்சி.

மேடைக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைக்கும் சின்ன அறை. கதவு உள்பக்கம் தாழ் போட்டிருந்தது. கிரேஸி தட்டினாள். பின்னாலேயே டாக்டரம்மாவும் சங்கத்துப் பெண்களும் வந்து நின்றார்கள்.

“ஷாஜின்! உள்ளேயா இருக்கே? யார்டா உன்னை எழுந்து போகச் சொன்னது? தைரியமா சொல்லு, அத்தை கேக்கிறேன்!”

கதவுக்கு அந்தப் பக்கம் குரல் ரகசியமாக, ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி வந்தது.

“யாரும் சொல்லல அத்தை. விருந்தாளி வந்துட்டாங்கல்ல, நானே உள்ள வந்துட்டேன். ஹெப்சி அக்காவைப் பொண்ணு பாக்க வந்தாங்களே, அன்னிக்கு நீங்க சொன்ன மாதிரியே சத்தம் போடாம இருக்கேன். அவங்க போனதும் கூப்பிடுங்க.”