நொட்டாங்கை

இடது கை அடிக்கடி மரத்துப்போகிறது என்று வந்தவள் சகாயமேரி. டாக்டரம்மா அவளுடைய இரண்டு ஆள்காட்டி விரல்களிலும் துடிக்கும் சின்னப் பொத்தான் ஒவ்வொன்றை மாட்டினார். எந்தப் பொத்தான் முதலில் துடிக்கிறது என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

“சோத்துக்கை,” என்றாள், வலது விரலை அசைத்து. பிறகு, “நொட்டாங்கை.” போகப் போக இடைவெளி சுருங்கிக்கொண்டே வந்தது. “இப்ப ரெண்டும் ஒண்ணாத்தானம்மா துடிக்குது.”

“ஒண்ணா இல்ல. ஆனா அப்படித்தான் தோணும்,” என்றார் டாக்டரம்மா. “ஒவ்வொரு கையோட சேதியும் மூளையில எதிர்ப்பக்கத்துக்குப் போகுது. ரெண்டு பக்கமும் பேசிக்கிட்டாத்தான் எது முந்துச்சுன்னு தெரியும். இவ்வளவு நெருக்கத்துல வந்தா யாராலயும் சொல்ல முடியாது. ஒண்ணாத்தான்னு நீங்க சொன்னா அது பொய்யில்ல.”

சகாயமேரி தலையாட்டினாள். சுனாமி அலை வந்த அன்று சோத்துக்கையில் மகன் இருந்தான், நொட்டாங்கையில் மகள். எந்தக் கை முதலில் விட்டது என்று புருஷன் கேட்கும்போதெல்லாம், ரெண்டும் ஒண்ணாத்தான் விட்டுச்சு, பையனை மட்டும் கடல் திருப்பித் தந்துச்சு என்றே சொல்லிவந்திருக்கிறாள். அவரும் அதை நம்பத்தான் பார்க்கிறார்.

மகன் வெளியே பெஞ்சில் இருந்து, “அம்மா,” என்று கூப்பிட்டான்.

இடது கை பொத்தானை உதறிவிட்டு, அன்றைக்கு அலைக்குள் செய்தது போலவே, வலது கையின் மேல் போய் இறுகப் பிடித்துக்கொண்டது.

“அந்தக் கைய எடுத்திருக்கக் கூடாதும்மா,” என்றார் டாக்டரம்மா, பொத்தானைத் தரையில் தேடிக்கொண்டே.