நல்ல வார்த்தை

அரிசி தீர்ந்துபோனால் "இல்லை" என்று சொல்லக்கூடாது, "வாங்கணும்" என்றுதான் சொல்லவேண்டும். வீட்டுச் சுவரில் பதிக்கும் இயந்திரங்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்கும் வேலையில் சேர்ந்த அன்று வேதவல்லி இதைத்தான் சொன்னாள். மனித மனசு தெரிந்த இயந்திரம் வேண்டும் என்று அலைந்துகொண்டிருந்த கம்பெனிக்காரர்கள் கைதட்டினார்கள். அதன்பிறகு எந்த வீட்டுச் சுவரும் யாரிடமும் "இல்லை" என்று சொன்னது கிடையாது.

அவளுடைய ஒரே மகன் பரிதி வேலைபார்த்த கப்பல் ஆடி மாதம் மூழ்கியது. கரை ஒதுங்கிய உடலை அந்த நாட்டிலேயே அடக்கம் செய்து படம் அனுப்பினார்கள். கணவர் தணிகாசலம் படத்தைப் பார்க்கவே மறுத்துவிட்டார்.

தினமும் சாப்பிட உட்கார்ந்ததும் சுவரைப் பார்த்துக் கேட்பார். "பையன் பேசினானா?"

"பேசுவான்ப்பா."

சுவரின் குரலில் அவ்வளவு கனிவு. அவர் ஒரு துண்டு மீனை மகனுக்கென்று ஓரமாக எடுத்துவைப்பார்.

எங்கள் வீட்டுக்கு மட்டுமாவது "இல்லை" என்று சொல்லும்படி மாற்றிக்கொடுங்கள் என்று வேதவல்லி ஆபீசில் கெஞ்சினாள். "நல்லாத்தானே பேசுது மேடம்?" என்றார்கள்.

நேற்று அவளே சொல்லிவிட்டாள். "அவன் செத்துட்டான்ங்க. இனிமே வரமாட்டான்."

தணிகாசலம் சுவர்ப்பக்கம் திரும்பினார். "இவ சொல்றதக் கேட்டியா?"

"பரிதி பேசுவான்ப்பா. அம்மா களைச்சுப் போயிருக்காங்க."

அவர் மனைவியை வெறுப்போடு பார்த்தார்.

"வெளக்கு வெச்ச நேரத்துல என்ன பேச்சுடி பேசுற? நல்ல வார்த்தை பேச அதுகிட்டயாவது கத்துக்க."