மாவுக்கட்டு

சீசனின் முதல் ஆட்டத்தில் ததேயுவின் வலது கால் முறிந்தது. பல வருடமாகத் தோற்றே பழகிய கல்லூரி அணி அன்று ஜெயித்தது. அடுத்த ஆட்டத்துக்கு அவன் மாவுக்கட்டோடு வந்து மைதானத்தின் ஓரமாக உட்கார்ந்தான், அன்றும் ஜெயித்தார்கள். அதன் பிறகு அந்தக் கட்டைத் தொட்டுக் கண்ணில் ஒற்றாமல் ஒருவனும் களத்தில் இறங்கியதில்லை. கோல் போட்டவன் நேராக ஓடிவந்து கட்டுக்கு முத்தம் கொடுத்தான். ஆடிய காலத்தில் ததேயுவை இப்படி யாரும் கொண்டாடியதே இல்லை.

இறுதி ஆட்டத்தன்று காலையில் ஆஸ்பத்திரியில் கட்டைப் பிரித்தார்கள். ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டுவிட்டு, உடை மாற்றும் அறைக்குள் சிரித்துக்கொண்டே நடந்து வந்தான்.

“எலும்பு நல்லா கூடிட்டாம்லே!”

ஒருவரும் சிரிக்கவில்லை. வெளுத்துச் சூம்பிய அந்தக் காலையே பார்த்தார்கள். கோல்கீப்பர் கதவைச் சாத்தினான். கேப்டன் ரெக்ஸன் ததேயுவைத் தோளோடு அணைத்து பெஞ்சில் உட்காரவைத்து, எதிரே இன்னொரு பெஞ்சை இழுத்துப் போட்டான்.

“காலை நீட்டு மக்கா.”

சீசன் முழுக்கப் பழகிப்போன கால் தானாகவே நீண்டது. குதிகால் எதிர்ப் பெஞ்சில் பதிந்தது, முறிந்து கூடிய இடம் இரண்டு பெஞ்சுக்கும் நடுவே அந்தரத்தில் நின்றது. இந்தத் தடவை யாரும் குனிந்து தொடவில்லை. இரண்டு பேர் பின்னால் வந்து அவன் தோள்களைப் பிடித்துக்கொண்டார்கள்.

“ஒரு நிமிசந்தான் மக்கா,” என்றான் ரெக்ஸன், தலையைத் தடவியபடி. “கப்பு நமக்குத்தான்.”